வரைபும் வார்ப்புருவும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றி வந்தது தமிழ் மரபு. அவ்விரு கண்ணும் ஒரு பொருளை ஒருங்கே நோக்கும் இடம் வரைபு ஆகும். பட்டியலில் நிரை நிரையாகக் கிடக்கும் எண்களைக் கோடாகவும் சலாகையாகவும் வண்ணமாகவும் மாற்றி, ஒரு நோக்கிலே உண்மையை உணர்த்துவது அதன் தொழில். 1786 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த தமது வணிக, அரசியல் வரைபுத் தொகுதியினாலே வில்லியம் பிளேபெயர் என்பார் இக்கலைக்குக் கால்கோள் செய்தார். இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளை ஆண்டுவாரியாகக் கோடுகளால் வரைந்த அவருக்கு, ஸ்கொத்லாந்தைப் பொறுத்தமட்டில் ஓராண்டுக் கணக்கே கிடைத்தது. ஓராண்டுக் கணக்கைக் கொண்டு காலக்கோடு வரைதல் இயலாது. ஆதலின் அவர் ஸ்கொத்லாந்து வணிகம் செய்த ஒவ்வொரு நாட்டுக்கும் சலாகைகள் அமைத்தார். இன்று பாடசாலைச் சிறுவரும் வரையும் சலாகை வரைபு அவ்வாறு பிறந்ததே. தரவின் குறையை மறைக்க முயலாது, அக்குறைக்குப் பொருந்திய வடிவத்தை அவர் தேடினார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பொருள் முந்திற்று, வடிவம் அதன் பின் வந்தது.

இன்று அம்முறை பெரிதும் தலைகீழாயிற்று. கணினியில் வரைபு அமைப்போர்க்கு இருவழிகள் உள. ஒன்று, ஆயத்தமாக வைக்கப்பட்டுள்ள வார்ப்புருவை எடுத்து அதனுள்ளே எண்களை இடுதல். 1985 இல் வெளிவந்த எக்செல் முதலாய விரிதாள்களும், 2012 இல் ஜெர்மனியில் தோன்றிய டேட்டாராப்பர் போன்ற இணையக் கருவிகளும் இவ்வழியைச் சேர்ந்தன. மற்றையது, வரைபின் ஒவ்வொரு கோட்டையும் புள்ளியையும் எழுத்தையும் கணினிக்குக் கட்டளைத் தொடராக எழுதிக்கொடுக்கும் நிரல்வழி. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக் பொஸ்டொக் முதலியோர் 2011 இல் வெளியிட்ட டி3 என்னும் நிரற்றொகுதி இவ்வழியிற் பெரும் புகழ் பெற்றது.

இவ்விரு வழிகளுள் எதனைத் தெரிவது என்ற வினாவுக்கு வழக்கமாகக் கூறப்படும் விடை ஒன்றுண்டு. வார்ப்புரு எளிது, நிரல் சுதந்திரமானது, விரைவு வேண்டுவோர் முன்னதையும் அழகு வேண்டுவோர் பின்னதையும் கொள்க என்பது அவ்விடை. இவ்விடையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அது வினாவின் புறத்தை மாத்திரமே தொடுகின்றது. ஒரு வரைபிலே ஆண்டு எங்கே தொடங்குகிறது, இடைவெளி எவ்வளவு, இல்லாத எண் எவ்வாறு தோன்றும், நிலம் எது நீர் எது என்பன போன்ற முடிபுகள் பல அடங்கியுள்ளன. அம்முடிபுகளைச் செய்தவர் யார், எவ்வூரை மனத்திற் கொண்டு செய்தார் என்பதே உண்மையான வினா. மட்டக்களப்பு வாவியின் இருகரைகளையும் பற்றிய தரவுகளை எடுத்து நோக்கின், இவ்வினா வெறும் தொழில்நுட்ப வினா அன்று என்பது புலனாகும்.

வாழ்த்துமடலும் யாப்பும்

திருமண வீடுகளிலே படித்தளிக்கப்படும் வாழ்த்துமடல்களை இந்நாட்டுத் தமிழர் நன்கு அறிவர். அவற்றுட் சில, மணமக்களை அறிந்த ஒருவர் அமர்ந்து பாடியவை. வேறு சில, முன்னரே எழுதி வைக்கப்பட்டவை. மணமகன் பெயருக்கும் மணமகள் பெயருக்கும் வெற்றிடம் விட்டு ஏனையவெல்லாம் நிரப்பப்பட்டிருக்கும். இரண்டாம் வகை மடலும் மண்டபத்திலே இனிதாகவே ஒலிக்கும். ஆனால் மணமகனுக்குத் தந்தை இல்லாத வீட்டிலே, தந்தையை வாழ்த்தும் அடி அதனுள் இருந்துவிடின் என்னாகும்? பெயரை மாற்றியவர் அடியை மாற்ற மறந்துவிடுவார். மறந்தமைக்குக் காரணம் அவரது அன்பின்மை அன்று. அவ்வடியை அவர் எழுதவில்லை என்பதே காரணம்.

வார்ப்புருவின் இடையூறும் இத்தகையதே. அது பொய் சொல்வதில்லை. வேறொருவர் வேறொரு பொருள்பற்றிச் செய்த முடிபுகளை, கேளாமலே இப்பொருளின்மேல் ஏற்றிவிடுகின்றது. வரைபுத்தாளிலே பென்சில் கொண்டு வரையும் மாணவனை ஆசிரியர் முதலிற் கேட்கும் கேள்வி, அளவுத்திட்டம் யாது என்பதாகும். அக்கேள்விக்கு விடை கூறாது அவன் ஒரு புள்ளியேனும் இட இயலாது. வார்ப்புருவோ அக்கேள்வியைக் கேட்பதில்லை. விடையை மட்டும் தந்துவிடுகின்றது.

மழையின் ஆண்டு

முதலிலே மழையை எடுத்துக்கொள்ளலாம். மட்டக்களப்பின் ஆண்டு மழைவீழ்ச்சி சராசரியாக 1,650 மில்லிமீற்றரை அடுத்தது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட மழை ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையுள்ள நான்கு மாதங்களிலே பெய்துவிடும். வடகீழ்ப் பருவக்காற்றே இதற்கு முதற்காரணம். இம்மழையை நம்பியே பெரும்போக வேளாண்மை நடைபெறுகின்றது. மாரி தொடங்க விதைத்து, மாரி கழிந்தபின் அறுவடை செய்வர்.

இத்தரவை மாதவாரியாக ஒரு வார்ப்புருவில் இட்டால் நிகழ்வது யாது? ஆண்டு ஜனவரியில் தொடங்கும், டிசம்பரில் முடியும். இடப்பக்க ஓரத்திலே ஓர் உயர்ந்த சலாகை நிற்கும். பின்னர்ச் சலாகைகள் குறுகிக் குறுகி ஜூன் மாதத்திலே தரையோடு ஒட்டும். மீண்டும் உயர்ந்து வலப்பக்க ஓரத்திலே டிசம்பரின் பெருஞ்சலாகை எழும். பார்ப்பவர் கண்ணுக்குத் தோன்றுவது நடுவிலே ஒரு பள்ளம். இருபுறமும் இரண்டு மேடு. உண்மையில் உள்ளதோ ஒரே மாரி. டிசம்பர் 31 ஆம் நாள் இரவு மழை ஓய்ந்து மறுநாள் வேறொரு மழை தொடங்குவதில்லை. ஒக்டோபரிலே தொடங்கிச் செப்ரெம்பரிலே முடியும் நீரியல் ஆண்டாக அதே எண்களை அமைத்தால், இரு மேடும் இணைந்து ஒரு மலையாக எழும். விவசாயிக்கும் மாணவனுக்கும் வேண்டுவது அம்மலையே.

இது கண்ணுக்குரிய குறை மாத்திரமன்று. 2010 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் பெய்த பெருமழை கிழக்கு மாகாணத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியது. வயல்கள் அழிந்தன, படுவான்கரைக் கிராமங்கள் பல துண்டிக்கப்பட்டன. நாட்காட்டி ஆண்டின்படி வரையப்படும் வரைபிலே அம்மாரியின் ஒரு பகுதி 2010 இன் சலாகையிலும் மறுபகுதி 2011 இன் சலாகையிலும் சேர்ந்துவிடும். வெள்ளம் ஒன்று, சலாகை இரண்டு. அவ்விரண்டுள் எதனை நோக்கினும் அந்த மாரியின் முழு உயரத்தைக் காண இயலாது. வேளாண்மைப் புள்ளிவிபரங்கள் 2010/2011 பெரும்போகம் என இரு ஆண்டுகளையும் இணைத்தே எழுதப்படுவதன் நியாயம் இதனால் விளங்கும்.

ஆண்டை எங்கே வெட்டுவது என்பதனால் ஓர் உண்மை வெளிப்படவும் கூடும். 1858 இல் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபு இதற்குச் சான்று. கிரிமியப் போரிலே பிரித்தானியப் படைவீரர் காயங்களினும் பார்க்க நோயினாலேயே மிகுதியாக மாண்டனர் என்பதை அவர் இரு சக்கரங்களாக வரைந்து காட்டினார். முதற்சக்கரம் 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரை. இரண்டாவது 1855 ஏப்ரல் முதல் 1856 மார்ச் வரை. மருத்துவமனைகளைத் துப்புரவாக்கச் சென்ற சுகாதார ஆணைக்குழு 1855 மார்ச்சிலேயே அங்கு சேர்ந்தது. ஆதலின் அதற்கு முற்பட்ட மரணங்கள் ஒரு சக்கரத்திலும் பிற்பட்டன மற்றையதிலும் அமைந்தன. ஜனவரி முதல் டிசம்பர் வரை எனச் சக்கரத்தை அமைத்திருப்பின் அவ்வேற்றுமை கலங்கிப்போயிருக்கும். ஆண்டின் தொடக்கத்தைத் தெரிந்தெடுத்தமையே அவரது வாதத்தின் பாதி எனலாம்.

வேறொரு தீங்கும் உண்டு. அழகு கருதி, புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்காது வளைகோட்டால் இணைக்கும் வசதியைப் பல வார்ப்புருக்கள் அளிக்கின்றன. அவ்வளைவு, அளக்கப்படாத இடங்களிலே எண்களைத் தானே படைக்கும். மழை குறைந்த மாதங்களை ஒட்டி அது சில வேளைகளில் பூச்சியத்துக்கும் கீழே இறங்கிவிடும். பூச்சியத்திலும் குறைந்த மழை எவ்வுலகிலும் பெய்ததில்லை.

முப்பத்தோராண்டு

மழையைவிடக் கனத்த பொருள் மக்கள்தொகை. இலங்கையில் 1871 ஆம் ஆண்டு முதலாகக் குடிசன மதிப்பு எடுக்கப்பட்டு வந்தது. 1931 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்த அம்மதிப்பு, அதன்பின் 1946, 1953, 1963, 1971, 1981 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்றது. இடைவெளிகள் 15, 7, 10, 8, 10 எனச் சீரின்றி அமைந்தன. கோட்டு வரைபுக்குரிய வார்ப்புருக்கள் பல, இவ்வாண்டுகளை எண்களாகக் கொள்ளாது வெறும் பெயர்களாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சம இடம் அளித்துவிடுகின்றன. பதினைந்து ஆண்டும் ஒரு விரற்கடை. ஏழு ஆண்டும் ஒரு விரற்கடை. விளைவாக 1953 ஐ ஒட்டிய வளர்ச்சி மந்தமாகவும், 1946 ஐ ஒட்டியது வேகமாகவும் தோன்றும். கோட்டின் சரிவே வேகத்தை உணர்த்தும் வரைபில், சரிவு பொய்த்தால் எஞ்சுவது யாது?

மட்டக்களப்பைப் பொறுத்தவரை இன்னும் இரு சிக்கல்கள் உள. 1961 இலே இம்மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவாயிற்று. இதனை அறியாத வார்ப்புரு 1953 ஆம் ஆண்டின் புள்ளியையும் 1963 ஆம் ஆண்டின் புள்ளியையும் இணைக்கும்போது கோடு கீழ்நோக்கி விழும். பெருங்கொள்ளை நோயொன்று வந்து மக்களை வாரிக்கொண்டு போயிற்றோ என்று மாணவன் மருளுவான். மாண்டவர் எவருமில்லை, மாறியது எல்லையே.

அதனினும் பெரிது அடுத்த சிக்கல். 1981 இல் மாவட்டத்தின் மக்கள்தொகை 330,333. 1991 இல் நாட்டிலே குடிசன மதிப்பு நடைபெறவில்லை. 2001 இல் நடைபெற்ற மதிப்பு 18 மாவட்டங்களில் மாத்திரமே முழுமையுற்றது. மட்டக்களப்பு அவற்றுள் ஒன்றன்று. 2012 இலேயே முழுக் கணக்கு மீண்டும் கிடைத்தது. அப்போது தொகை 526,567. ஆக, இரு முழுக் கணக்குகளுக்கு இடையே 31 ஆண்டுகள் கழிந்தன. வார்ப்புருவோ 1981 இலிருந்து 2012 வரை ஒரு நேர்கோட்டை இழுத்துவிடும். அக்கோட்டின் கூற்றை எண்ணாக மாற்றினால், ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 6,330 பேர் வீதம் ஒவ்வோராண்டும் தவறாது கூடினர் என்று வரும். 1983 இலிருந்து 2009 வரை நீடித்த போர் அக்கோட்டில் இல்லை. 1990 இன் இடப்பெயர்வும் 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வாகரைப் பக்கத்து மக்கள் பட்ட அலைச்சலும் அதில் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலையும் இல்லை. வீடிழந்தோர், ஊர்விட்டு ஊர் போனோர், கடல் கடந்தோர், மீளாதோர் என அனைவரும் மென்மையான ஒரு கோட்டின் அடியிலே மறைந்து போகின்றனர்.

இவ்விடத்திலேதான் நிரல்வழியின் சிறப்புப் புலனாகின்றது. தாமே நிரல் எழுதுவோர் 1981 இன் புள்ளியோடு கோட்டை நிறுத்தலாம், ஆண்டுகளை அவற்றின் உண்மைத் தொலைவில் அமைக்கலாம், இடையிலுள்ள அகன்ற வெளியை மெல்லிய நிழலிட்டு, ‘1991: மதிப்பு நடைபெறவில்லை, 2001: முழுமையுறவில்லை’ என்று அதனுள்ளேயே பொறிக்கலாம், 1961 இல் ஒரு நிலைக்குத்துக் கோடு இட்டு எல்லை மாற்றத்தைக் குறிக்கலாம். வெற்றிடமும் ஒரு செய்தியே என்பதை அவ்வரைபு உணர்த்தும். பிளேபெயர் ஸ்கொத்லாந்துக்குச் செய்த நீதி அதுவாகும்.

வாவி மறைந்த தேசப்படம்

மூன்றாவதாக இடத்தைப் பற்றிய வரைபுகள். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்டது எழுவான்கரை. அதற்கு மேற்கே வயலும் காடும் விரிந்தது படுவான்கரை. மாவட்டத்தின் பரப்பு 2,854 சதுர கிலோமீற்றர்; அதில் உள்நாட்டு நீர்ப்பரப்பு 244. ஆயத்தமாகக் கிடைக்கும் தேசப்பட வார்ப்புருக்களிலே எல்லைக்கோடுகள் பெரும்பாலும் சுருக்கி அமைக்கப்பட்டவை. நாடு முழுவதையும் ஒரு சிறுதிரையில் அடக்கும் நோக்கத்தால் வாவிகள் அழிக்கப்பட்டு நிலத்தோடு நிலமாக வண்ணம் பெறும். நீரையும் நிலமென எண்ணி 2012 ஆம் ஆண்டின் குடியடர்த்தியைக் கணித்தால், சதுர கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 184 பேர் என்று வரும். நிலத்தை மாத்திரம் கொள்ளின் அது 202 ஆகும். மீன் வாழும் இடத்திலே மனிதரைக் குடியேற்றியதன் விளைவு இது.

வண்ணம் தீட்டும் தேசப்படங்களுக்கு வேறொரு குறையும் உண்டு. பரப்பு மிகுந்த பிரிவே கண்ணைக் கவரும். கிரானை உள்ளடக்கிய கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகப் பிரிவு பரந்தது. மக்கள் அங்கு அடர்த்தி குறைந்தே வாழ்கின்றனர். காத்தான்குடியோ மக்கள் நெருங்கி வாழும் சிறுநிலம். வார்ப்புருவின் தேசப்படத்திலே முன்னது ஆட்சி செய்யும். பின்னது ஒரு பொட்டாகத் தேய்ந்து போகும். வண்ணம் கூறுவது மக்களைப் பற்றி. கண் காண்பதோ மண்ணை.

பேரிடர்களை இவ்வாறு வரையும்போது தவறு கொடியதாகின்றது. ஆழிப்பேரலை தாக்கியது எழுவான்கரையின் ஒடுங்கிய கடலோரத்தை. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக மணற்றிட்டில் அமைந்த நாவலடி பேரழிவுக்கு உட்பட்டது. 2011 இன் வெள்ளம் வாட்டியதோ பெரிதும் படுவான்கரையின் தாழ்நிலங்களை. மாவட்டம் முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்பும் தேசப்படத்தில் இவ்விரு துன்பங்களும் ஒரே உருவம் பெறுகின்றன. அதனை நோக்கி நிவாரணம் திட்டமிடும் ஒருவர், தோணியும் கூடாரமும் எக்கரைக்கு வேண்டும் என்பதை அறியார். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் இரு கரைகளுக்கும் இடையே ‘பாதை’ எனப்படும் மிதவையே மக்களை ஏற்றியிறக்கியது என்பதை எண்ணினால், கரை எதுவென அறியாமையின் விலை விளங்கும்.

1854 இல் இலண்டன் சோகோப் பகுதியில் வாந்திபேதி பரவியபோது ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர் செய்தது இதற்கு நேர்மாறானது. அவர் வட்டாரத்துக்கு ஒரு நிறம் தீட்டவில்லை. இறந்தோர் வாழ்ந்த வீட்டுவாசலிலே ஒருவருக்கு ஒரு சிறுகோடாக இட்டார். கோடுகள் புரோட் வீதியின் நீர்க்குழாயைச் சூழ்ந்து குவிந்தன. வட்டாரச் சராசரி எடுத்திருப்பின் அக்குழாய் சராசரிக்குள் மறைந்திருக்கும்.

நிரலின் குறைகள்

இதுகாறும் கூறியவற்றால் நிரலே சிறந்தது, வார்ப்புரு தள்ளத்தக்கது என்று முடிவு கட்டுவது நீதியாகாது. நிரலுக்கும் குறைகள் உள; அவை சிறியனவும் அல்ல.

முதலாவது, உழைப்பு. பத்து நிமிடத்தில் அமையும் சலாகை வரைபைப் பத்து மணி நேரம் நிரலாக எழுதுவது, கற்பித்தலுக்கும் விடைத்தாளுக்கும் இடையே காலம் தேடும் ஆசிரியர்க்கு இயல்வதன்று. இரண்டாவது, தவறு. வார்ப்புருவை ஆயிரம் பேர் பயன்படுத்திக் குறை கண்டு திருத்தியிருப்பர். தனியொருவர் எழுதிய நிரலை அவரன்றி வேறெவரும் வாசிப்பதில்லை. வட்டத்தின் ஆரத்தை எண்ணுக்கேற்ப இருமடங்காக்கினால் பரப்பு நான்மடங்காகும் என்பதை மறந்து வரையப்பட்ட வட்டங்கள் எத்தனையோ. மூன்றாவது, ஆயுள். அடோபி ஃபிளாஷ் என்னும் மென்பொருளை நம்பி உலகெங்கும் உழைத்து அமைக்கப்பட்ட அசையும் வரைபுகள், 2020 டிசம்பர் 31 உடன் அதன் ஆதரவு நிறுத்தப்பட்டதும் செயலிழந்தன. டி3 தொகுதியும் 2016 இல் நான்காம் பதிப்பாக மாற்றியமைக்கப்பட்டபோது, முன்னைய பதிப்புக்கு எழுதிய நிரல்கள் பலவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று. எழுதியவர் வேறிடம் சென்றபின் அந்நிரல், திறவுகோல் தொலைந்த பெட்டகம் போலாகும்.

தமிழெழுத்தைப் பொறுத்தவரை இருவழியிலும் இடர் உண்டு. ‘மண்முனை தெற்கு எருவில் பற்று’ என்னும் பெயர் வார்ப்புருவின் சலாகைக்குக் கீழே அடங்காது. பாதியில் அறுபடும், அல்லது சாய்ந்து கிடக்கும். நிரல் எழுதுவோரோ பெயரைக் குறுக்க எண்ணி முதல் இரு குறியீடுகளை மாத்திரம் கொள்க என்று கட்டளையிட்டால், கணினியிலே புள்ளி தனிக்குறியீடாதலின் ‘மண்’ என்பது ‘மண’ ஆகிவிடும். ஆங்கிலத்தை மனத்திற் கொண்டு அமைந்தது வார்ப்புரு மாத்திரமன்று. நிரலெழுதும் பழக்கமும் அத்தகையதே. சலாகைகளைக் கிடையாக அமைத்துப் பெயர்களை இடப்புறத்தே முழுமையாக எழுதுவது இருவழியினர்க்கும் ஏற்ற எளிய மருந்து.

அன்றியும், மேலே கூறிய குறைகள் பலவற்றை வார்ப்புருவுக்குள்ளேயே நீக்கலாம். பட்டியலை ஒக்டோபரிலிருந்து எழுதினால் மழை மலையாகும். கோட்டு வரைபை விட்டுப் புள்ளி வரைபைத் தெரிந்தால் ஆண்டுகள் தத்தம் தொலைவில் நிற்கும். வளைவை நீக்கி நேர்கோடாக்குவது ஒரு சொடுக்கிலே முடியும். ஆகவே வார்ப்புருவின் குற்றம் பெரிதும் அதன் இயல்புநிலையைக் கேள்வியின்றி ஏற்பாரது குற்றமே.

இடைவழி

இரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்று 1999 இல் லீலண்ட் வில்கின்சன் எழுதிய ‘வரைபுகளின் இலக்கணம்’ என்னும் நூலால் தெளிவுபெற்றது. வரைபுகளைச் சலாகை, வட்டம், கோடு எனப் பெயர்ப்பட்டியலாகக் கொள்ளாது, தரவு, அளவுத்திட்டம், வடிவம், ஆள்கூற்றுத் தொகுதி முதலான உறுப்புகளின் சேர்க்கையாகக் கொள்வது அவர் கொள்கை. அதனைத் தழுவி ஹாட்லி விக்கம் ஆக்கிய ஜிஜிபுளொட்2 என்னும் நிரற்றொகுதி இன்று ஆய்வாளரிடையே பெருவழக்காய் உள்ளது.

தமிழ் மாணவனுக்கு இது புதிய செய்தி அன்று. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என உறுப்புகளை வகுத்து, அவற்றின் சேர்க்கையாலே பாவினை விளக்குவது யாப்பு. யாப்பறிந்தவர் வெற்றிடம் நிரப்பும் வாழ்த்துமடலை நாடார். ஒவ்வொரு முறையும் புதுப் பாவினம் படைக்கவும் முனையார். கைவந்த உறுப்புகளைக் கொண்டு பொருளுக்கேற்பப் பாடுவார். ஆயினும் இலக்கணவழியும் இயல்புநிலைகளிலிருந்து விடுபட்டதன்று. ஜிஜிபுளொட்2 இலே மாதப் பெயர்களை வெறுமனே இட்டால் அவை அகரவரிசைப்படி நின்றுவிடும். மழையின் ஒழுங்கு குலைந்துவிடும். ஒழுங்கை எழுதுபவரே கூறவேண்டும். எக்கருவியும் பொருளறிவுக்கு ஈடாகாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1947 இல் வெளியிட்ட யாழ்நூலை இத்தொடர்பில் நினைத்தல் தகும். வழக்கொழிந்த யாழின் உருவத்தை அறிய முயன்ற அவர், கண்முன் இருந்த இசைக்கருவி ஒன்றை எடுத்துப் பழைய சான்றுகளை அதற்குள் அடக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையிலும் உரைகளிலும் கண்ட சான்றுகளைக் கணக்கிட்டு, அவற்றிலிருந்து கருவியின் உருவத்துக்குச் சென்றார். சான்றிலிருந்து உருவத்துக்குச் செல்வது ஆய்வு. உருவத்திலிருந்து சான்றுக்குச் செல்வது வசதி.

முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வார்ப்புருவா நிரலா என்பதைத் துணிய மூன்று வினாக்கள் போதும். தரவின் காலமும் இடமும் கருவி எடுத்துக்கொண்ட காலத்தோடும் இடத்தோடும் பொருந்துகின்றனவா? இல்லாத தரவு இல்லாததாகவே தோன்றுகின்றதா? இவ்வரைபை வரைந்தவர் இல்லாதபோது மற்றொருவர் இதனைத் திருத்த இயலுமா? முதல் இரண்டு வினாக்களுக்கும் வார்ப்புரு ‘ஆம்’ என்று விடை தருமாயின் அதனையே கொள்ளலாம்; மாணவரின் வருகைக் கணக்குக்கும் பரீட்சைப் பெறுபேற்றுக்கும் நிரலெழுதி இடர்ப்படுவது வீண். அவ்விரண்டில் ஒன்றேனும் தவறின், முதலில் வார்ப்புருவை வளைத்துப் பார்க்க வேண்டும்; அது வளையாதாயின் கைவிட வேண்டும். நிரலைக் கைக்கொண்டபின் மூன்றாம் வினாவை மறத்தலாகாது. எழுதிய நிரலின் அருகே அதன் கருத்தைத் தமிழிலே குறித்து வைப்பதும், மூலத்தரவைத் தனியே பேணுவதும் எழுதியவரின் கடன்.

கல்லூரிகளிலும் பாடசாலைகளிலும் கணினி வரைபு கற்பிக்கப்படும் இக்காலத்திலே, வரைபுத்தாளிலே ஒருமுறை கையால் வரைந்த பின்னரே கணினியை அணுகச் செய்வது நன்று. அளவுத்திட்டம் யாது, ஆண்டு எங்கே தொடங்கும், வெற்றிடத்தை என்செய்வது என்னும் கேள்விகளைக் கையே முதலிற் கேட்கும். அக்கேள்விகளைக் கேட்டுப் பழகிய மாணவன் பின்னர் எக்கருவியைத் தொடினும் அதற்கு அடிமையாகான். 2024 இல் மீண்டும் குடிசன மதிப்பு எடுக்கப்பட்டுள்ளது. மட்டக்களப்பின் மக்கள்தொகைக் கோட்டிலே இன்னொரு புள்ளி சேர்கின்றது. அப்புள்ளியைச் சேர்த்து வரையப்போகும் மாணவன் 1981 க்கும் 2012 க்கும் இடைப்பட்ட வெளியைக் கோட்டினால் மூடாது, வெளியாகவே விட்டு, அதன் காரணத்தை ஓரிரு சொற்களில் எழுதி வைப்பானாயின், அவன் கற்ற கல்வி பயன்பட்டது எனக் கொள்ளலாம்.